மலிவாச் சாப்பிட்டா மரியாதை இல்லையா?

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு ரோல்ஸ் சாப்பிட்டால் யாருக்கு என்ன நட்டம்? "இந்த வயசிலயும் ரோல்ஸா புள்ள?" என்று பெரியம்மா கேட்கிறார். "வீட்ட சமைக்கிறேல்லயா?" என்று கூட வேலை செய்கிற ஐயா கேட்கிறார். மனைவி விடியற்காலையில் எழும்பிக் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். கல்யாண வீட்டில் நெய் வழிகிற பிரியாணியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிடுகிறவர்கள்கூட, நான் கடையில் கொத்து வாங்கினேன் என்று தெரிந்தால் கொலஸ்ட்ரோல் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கல்யாண வீட்டுச் சாப்பாடு விலை கூடினது, கடைச் சாப்பாடு மலிவு. அந்த ஒன்றுதான் வித்தியாசம். மலிவானதைத் தின்கிறவருக்கு யாரும் புத்தி சொல்லலாம் என்று ஆகிவிட்டது.

எனக்கு இந்தச் சாப்பாடு பிடிக்கும். மறைக்க ஒன்றுமில்லை. சுடச்சுட எடுத்த ரோல்ஸின் மொறுமொறுப்பு, உள்ளே மிளகு தூக்கலாகப் போட்ட கிழங்கும் மீனும், கூட ஒரு பிளேன்டீ. பின்னேரம் ஐந்து மணிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கொத்து இன்னும் ஒரு படி மேல். கிழக்கில்தான் கொத்து பிறந்தது என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். தகட்டில் இரண்டு இரும்பும் தாளம் போடுகிற சத்தம் காத்தான்குடி பிரதான வீதியில் கேட்டால், பசி இல்லாதவருக்கும் பசி வரும். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் அப்பா சம்பளம் எடுக்கிற நாளில்தான் கடை ரோல்ஸ் வீட்டுக்கு வரும். ஆளுக்கு ஒன்று, அதிலும் தங்கச்சிக்குப் பாதி கொடுக்கவேண்டும். இன்றைக்கு என் சம்பளத்தில், எனக்குத் தோன்றுகிற நேரத்தில், முழுசாக ஒன்றை வாங்கிச் சாப்பிடுகிறேன். அந்தச் சந்தோசத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பயமும் இருக்கிறது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் முற்றிக் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். அந்தப் புண்ணுக்குக் கட்டு மாற்றினது நான்தான். கொத்துப் பார்சலைப் பிரிக்கும்போது சில நாளில் அந்தக் கால் கண்ணுக்கு முன்னால் வரும். அப்போது கை கொஞ்சம் தயங்கும். அரச வைத்தியசாலையில் 35 வயது தாண்டினவர்களுக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள், நானும் ஒழுங்காகப் போய்ப் பார்க்கிறேன். ஆக, எனக்குத் தெரியாத ஒன்றை யாரும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. ஆசையும் பயமும் ஒரே தட்டில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் சாப்பிடுகிறேன்.

"வீட்டில சமை" என்கிற வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும். பெண்ணைப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறார்கள். ஓட்டோ ஓட்டுகிற தம்பி இரவில் கொத்துக் கட்டிக்கொண்டு போனால் "பாவம், உழைச்சுக் களைச்ச பிள்ளை". நான் கட்டிக்கொண்டு போனால் "சோம்பல்". நானும் உழைத்துக் களைத்துத்தான் வருகிறேன். வேலை விட்டு, மகனை டியூசனிலிருந்து ஏற்றி, களுவாஞ்சிக்குடி போகிற பஸ்ஸில் நெரிபட்டு வீட்டுப் படலையைத் திறக்க ஏழு மணி தாண்டும். அதற்குப் பிறகு தேங்காய் துருவி, மீன் வெட்டி, அடுப்பு மூட்டு என்றால்?

சமையலும் ஒன்றும் சும்மா வராது. 2022 ஐ மறந்துவிட்டார்களா? 2021 ஒக்ரோபர் தொடக்கம்வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் கொழும்பிலேயே 4,860 ரூபாய். எங்கள் பக்கம் வர இன்னும் கூட. அதுவும் வரிசையில் கிடந்தால்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்பிருந்த விலையின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறகு சில விலைகள் கொஞ்சம் இறங்கினாலும், பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சம்பளமும் அந்த அளவுக்கு ஏறவில்லை. ஐந்தாறு பேருக்கு ஒரே உலையில் சமைத்தால் வீட்டுச் சாப்பாடு கட்டாயம் மலிவு. நானும் மகனும் மட்டும் இருக்கிற வீட்டில், ஏழு மணிக்கு மேல், ஒரு கொத்தை வாங்கி இரண்டாகப் பிரிப்பதுதான் சில நாளில் கணக்குக்கு ஒத்துவருகிறது. புத்தி சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

சரி, சொந்தக்காரரை விடுவோம். எனக்கு இதைவிடப் பெரிய கோபம் கடைக்காரர் மேல். பிடித்த சாப்பாட்டைக் கெடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தால், கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை, மீன் பணிஸ் எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். தின்றதுக்கு மட்டும் காசு. மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும், இல்லாவிட்டால் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். என் முன்னால் வருவதற்கு முதல் அந்தத் தட்டு எத்தனை மேசை பார்த்தது? எத்தனை பேர் சூடு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வேறொன்றை எடுத்தார்கள்? எத்தனை பேர் அதற்கு மேலால் இருமினார்கள், தும்மினார்கள்? கொரோனாக் காலத்தில் கடை வாசலில் வாளியும் சவர்க்காரமும் வைத்தார்கள், கை கழுவாமல் உள்ளே விடவில்லை. வாளி போய்விட்டது. ஊரையே மாற்றின ஒரு நோய் வந்து போயும், அந்தத் தட்டு மேசை மேசையாகச் சுற்றுவது நிற்கவில்லை.

எண்ணெயைப் பற்றிச் சொன்னால் வயிறு எரியும். காலையில் வடைக்கு ஊற்றினது, பின்னேரம் ரோல்ஸுக்கு, இரவு கோழிப் பொரியலுக்கு. குறைந்தால் மேலே கொஞ்சம் புதிதாக ஊற்றுவார்கள், பழையதைக் கொட்டமாட்டார்கள். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெய் கறுத்து, தடித்து, நுரை கட்டும், முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைக்கும். அது கெட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்குத் தெரிகிறது, தாச்சிக்கு முன்னால் நிற்கிறவருக்கு மட்டும் தெரியாதா?

மறுகா, அந்தத் தாள். கை துடைக்கவும் ரோல்ஸ் சுற்றவும் பழைய கொப்பித் தாளைச் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம், சிவப்புப் பேனாவால் ரீச்சர் போட்ட சரியும் பிழையும் எண்ணெயில் ஊறி ரோல்ஸில் ஒட்டிக்கொண்டு வரும். சில கடையில் பத்திரிகைத் தாள், அதன் அச்சு மை விரலிலேயே பிரளும். கொத்துக்கு லஞ்ச் ஷீட். 2017 செப்டம்பர் 1 இலிருந்து பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும் நாட்டில் தடை. மக்கிப் போகக்கூடிய ஷீட்டைப் பாவிக்கலாம் என்றார்கள். நான் வாங்குகிற கடையில் இருப்பது எந்த ஷீட் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. தகட்டிலிருந்து கொதிக்கக் கொதிக்க வழித்து அதற்குள் போட்டுக் கட்டித் தருகிறார்கள்.

பெண்கள் இருந்து சாப்பிடுவதென்றால் இன்னொரு கூத்து. முன்னால் காற்றோட்டமாக இருக்கிற மேசைகள் எங்களுக்கு இல்லையாம். பின்னால், கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், பலகையால் மறைத்துத் திரை போட்ட அறை. மின்விசிறி சுற்றாது. அதே கொத்துக்கு அதே காசு கொடுக்கிற நான் ஏன் அங்கே போய் ஒளிந்திருந்து சாப்பிடவேண்டும்?

அஜினோமோட்டோவைத்தான் எல்லாரும் பேயாகப் பார்க்கிறார்கள். உணவுப் பாதுகாப்பைப் பார்க்கிற சர்வதேச நிபுணர் குழுக்கள் வழக்கமான அளவில் அதைப் பாதுகாப்பானது என்றே வைத்திருக்கின்றன. நான் பயப்படுவது உப்புக்கு. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. சுமாராக ஒரு தேக்கரண்டி. கொத்துக்குள் எங்கெங்கே உப்பு இருக்கிறது என்று பாருங்கள்: ரொட்டியில், கறியில், சோயா சோஸில், மேலே தூவுகிற தூளில், கடைசியில் ஊற்றுகிற குழம்பில். கூடவே ஒரு சோடா. அந்தச் சோடாப் போத்தலில்கூட 2016 ஓகஸ்டிலிருந்து சீனியின் அளவை நிறத்தில் காட்டவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. போத்தலைப் பார்த்து வேண்டாம் என்று வைக்கலாம். கொத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. எவ்வளவு உப்புப் போடுகிறீர்கள் என்று கேட்டால் "அளவாத்தான் அக்கா" என்பார்கள்.

எனக்கு இன்னும் விளங்காத ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை முழுக்க வயல். அம்பாறைக்குப் போனால் 1949 இல் தொடங்கின கல்லோயாத் திட்டத்தின் தண்ணீரில் கண்ணுக்கெட்டின தூரமும் நெல். கோதுமையோ இந்த நாட்டில் பயிராவதே இல்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. 1980 இல் ஓடத் தொடங்கின திருகோணமலை மா ஆலையில் அரைபடுகிறது, அவ்வளவுதான். நெல் விளைகிற இந்த மண்ணில், இரவு எட்டு மணிக்கு அவசரத்துக்கு மலிவாக ஒன்று வாங்கப் போனால் பராட்டா, கொத்து, ரோல்ஸ், பணிஸ். எல்லாம் கோதுமை மா. அரிசி மா இடியப்பம் அவித்து விற்கிற அக்காமார் இருக்கிறார்கள். சொதியும் சம்பலும் வைத்துத் தருவார்கள், அந்தப் பார்சலைப் பிரித்தால் வீட்டு மணம் வரும். ஆனால் வீட்டு அடுப்பில் எவ்வளவுதான் அவிக்க முடியும்? நான் பஸ்ஸால் இறங்குகிற நேரத்துக்குச் சட்டி வெறும் சட்டி.

மலிவும் சுத்தமும் சேராது என்று எனக்குச் சொல்லவேண்டாம். வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கின அம்மாச்சி உணவகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெண்கள் நம் கண்ணுக்கு முன்னால் தோசையும் அப்பமும் பிட்டும் சுட்டும் அவித்தும் தருகிறார்கள். விலையும் கையைக் கடிக்காது, அதற்காக யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடவும் இல்லை. மட்டக்களப்பு பஸ் நிலையத்தடியிலும் கல்முனையிலும் இரவு ஒன்பது மணிவரை அப்படி ஒரு இடம் திறந்திருந்தால், வேலை முடித்து வருகிற எத்தனை நேர்ஸ்மார், எத்தனை கடைப்பிள்ளைகள், எத்தனை மேசன்மார் வயிறாறிப் போவார்கள்!

ஒரு கடையில் வாய் விட்டே கேட்டேன். "தம்பி, இந்த எண்ணெயை எப்ப மாத்துவீங்க?"

"அக்கா, எண்ணெய் என்ன விலை எண்டு தெரியுமா? மாத்தினா ரோல்ஸ் விலையக் கூட்டணும். சனம் வராது."

எண்ணெய் விலை எனக்குத் தெரியாதா? நானும் வாங்குகிறேன். ஆனால் இதே கடைகள் கொத்துக்கு மேல் சீஸ் துருவிப் போட்டு நூறும் இருநூறும் கூட்டினபோது சனம் வராமலா போனது? வரிசையில் நின்று வாங்கினது. டொல்பின் கொத்து என்று பெயர் மாற்றிக் கூட்டினபோதும் வாங்கினது. நல்ல எண்ணெய்க்காகப் பத்து ரூபாய் கூட்டுகிறேன் என்று ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்க்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ.மாரும் இருக்கிறார்கள். ஒரு பி.எச்.ஐ. எத்தனை கடை வாசலில்தான் நிற்பார்? அவர் வருகிற அன்றைக்கு மட்டும் தொப்பி போட்டுக் கையுறை மாட்டுகிற கடைக்காரருக்கு, தினமும் காசு கொடுக்கிற எங்களைப் பார்த்தால் மனிசராகத் தெரியவில்லையா?

நான் கொத்தையும் ரோல்ஸையும் விடப்போவதில்லை. பயத்தால் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இனி எந்தக் கடையிலும் அந்தத் தட்டு என் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்புவேன். மேசை மேசையாகச் சுற்றாத ஒன்றை இடுக்கியால் எடுத்து, எழுதாத தாளில் வைத்துத் தாருங்கள் என்று சத்தமாகவே கேட்பேன். இடுக்கி இல்லை என்றால் காசைக் கொடுக்காமல் எழும்பி வருவேன். பக்கத்து மேசையில் இருக்கிறவர்களும் கேளுங்கள்.