ரைஸ் குக்கர் என்ன குற்றம் செய்தது?

எண்ணெயை மறித்துக் கியூபா அரசை நெருக்குகிறோம் என்று வாஷிங்டனில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரை ஐயா நெருக்குகிறீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வருமா என்று எந்த மந்திரி வீட்டில் விழித்திருக்கிறார்கள்? விழித்திருப்பது சாதாரண வீட்டுப் பெண்கள். வந்தவுடன் சோறு வைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மறுபடி எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தச் சமையலறைகளை மின்சாரத்தை நம்பி இருக்க வைத்ததே அரசுதான் என்பது இன்னொரு கொடுமை. 2005, 2006 வாக்கில் 'எரிசக்திப் புரட்சி' என்று சொல்லி, ஃபிடல் காஸ்ட்ரோ வீடுவீடாக ரைஸ் குக்கரும் மின் அடுப்பும் கொடுக்க வைத்தார். மருத்துவர்களை அனுப்பி, பதிலுக்கு வெனிசுவேலாவிடமிருந்து மின் நிலையங்களை ஓட்டும் எண்ணெய் தாராளமாக வந்த காலம் அது. நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய்வரைகூட வந்தது. இன்று அதே வீட்டு பால்கனிகளில் கரி மூட்டிச் சமைக்கிறார்கள்.

சரி, எண்ணெயை வேறு எங்காவது வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். எப்படி வாங்குவது? கியூபாத் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எந்தக் கப்பல்காரன் அவ்வளவு பெரிய சந்தையை விட்டுவிட்டு வருவான்? வருகிறவன் வாடகையை ஏற்றிக் கேட்பான். 2019இல் வெனிசுவேலா எண்ணெயைக் கியூபாவுக்குக் கொண்டுபோன கப்பல்களையே பெயர் சொல்லித் தடைப் பட்டியலில் போட்டார்கள். 2026 ஜனவரியில் வெனிசுவேலாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. போதாதென்று, கியூபாவுக்கு எண்ணெய் கொடுக்கும் நாடுகளின் பொருட்களுக்கு வரி போடுவேன் என்று டிரம்ப் உத்தரவே போட்டார்.

கோழிக் கதை தெரியுமா? 2000இல் அமெரிக்கா தன் வர்த்தகத் தடையிலிருந்து உணவுப் பொருளுக்கு விலக்கு கொடுத்தது, அதுவும் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான். அதனால் கியூபாக்காரர் வாங்கும் உறைகோழியில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வருகிறது. கோழியை விற்றுக் காசு பார்ப்பார்கள். அது கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜ் ஓட வேண்டுமே, அதற்கான எண்ணெயை மறிப்பார்கள்! இதற்கு மேல் என்ன சொல்ல?

உடனே சிலர் "அப்போ கியூபா அரசு யோக்கியமா?" என்று கிளம்பி வருவார்கள். இல்லைதான், யார் யோக்கியம் என்றது? அனல்மின் நிலையங்கள் பல நாற்பது வருடம் தாண்டியவை. உள்நாட்டில் கிடைக்கும் எண்ணெயோ கந்தகம் மிகுந்த கனமான சரக்கு, கொதிகலனை அரித்துத் தின்கிறது. 2024 அக்டோபர் 18 அன்று மத்தான்சாஸில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் நிலையம் ஒன்று நின்றது, நாடு மொத்தமும் இருண்டது. சுமார் ஒரு கோடிப் பேர்! அந்த வருடங்களில் பணம் போன இடம் ஹோட்டல். ஹவானாவில் 42 மாடிக்கு ஒன்றை எழுப்பி 2025இல் திறந்தார்கள். சுற்றுலாப் பயணிகள்தான் வரவில்லை. பாய்லருக்குக் காசில்லையாம், நாற்பத்திரண்டு மாடிக்கு இருந்ததாம்.

பெட்ரோல் கதையும் இதேதான். 2024 மார்ச்சில் லிட்டர் 25 பெசோவிலிருந்து ஒரேயடியாக 132க்கு ஏற்றினார்கள். நாற்பது லிட்டர் போட்டால் 5,280 பெசோ, ஏறக்குறைய ஓர் அரசு ஊழியரின் மாதச் சம்பளம்.

சோலார் பூங்காக்கள் சீன உதவியோடு வேகமாக எழுகின்றன, நல்லதுதான். ஆனால் பேட்டரி போதவில்லை. சாயங்காலம் அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும்?

2024 மார்ச்சில் கியூபாவின் சாந்தியாகோ நகரத் தெருவில் இறங்கிய மக்கள் கேட்டது இரண்டே இரண்டு: கரண்ட், சாப்பாடு. அமெரிக்காவில் இருந்துகொண்டு சிலர் தூண்டிவிடுகிறார்கள் என்றார் அதிபர் தியாஸ்-கனேல். ஹவானாவில் உள்ள அமெரிக்கத் தூதரகமோ, மக்களின் நியாயமான தேவைகளைக் கவனியுங்கள் என்று கியூபா அரசுக்குப் புத்தி சொன்னது. எண்ணெய்க் கப்பலை மறிக்கிறவர்கள் பேசுகிற பேச்சா ஐயா இது?