லைசென்ஸ் இல்லாத கோடு பொதுச்சொத்து அல்ல

கிட்ஹப் என்பது நிரலாளர்கள் தங்கள் கோடை, அதாவது கணினி நிரலை, வைத்துப் பகிரும் இணையதளம். "கிட்ஹப்பில் லைசென்ஸ் இல்லாமல் கிடக்கும் கோடை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. உண்மை நேர் எதிர்.

கோடை எழுதியவுடனேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை என்பது பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தின் விதி. அறிவுசார் சொத்துரிமை பற்றி 1994-ல் கையெழுத்தான டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 10-வது பிரிவு, கணினி நிரல்களையும் இலக்கியப் படைப்புகளாகவே காக்கச் சொல்கிறது. ஆக, லைசென்ஸ் இல்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் பொருள். கிட்ஹப் விதிகளின்படி பொதுவில் வைத்த கோடைப் பிறர் அந்தத் தளத்தில் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம், அதாவது தங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். தன் செயலியில் சேர்த்து விற்க அது அனுமதி ஆகாது.

சரி, தாராளமாகப் பயன்படுத்த அனுமதி தரும் எம்ஐடி லைசென்ஸ் இருந்தால்? விற்கலாம். ஆனால் பதிப்புரிமை வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் நகலில் அப்படியே விட்டுவைக்க வேண்டும். கோடை எழுதியவர் முதல் வேலை தேடும் இளைஞர் என்றால், அவருக்குத் தன் பெயர் உள்ள அந்த ஒரு வரி பெரிய சான்று. அதை அழிப்பதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

காக்கப்படுவது எழுதிய கோடுதான், யோசனை அல்ல. சம்பளத்துக்கு எழுதியது பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தம்.

அப்புறம், கோடை யார் முதலில் எழுதினார் என்பதற்குக் கமிட் தேதியை, அதாவது மாற்றத்தைச் சேமித்தபோது பதிவான தேதியை, மட்டும் ஆதாரமாக நம்பாதீர்கள். கமிட் செய்யும்போதே பழைய தேதியைக் கொடுக்க, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற மென்பொருள் இடம் தருகிறது. கோடை சர்வரில் ஏற்றியபோது அங்கே பதிவாகும் நேரம் அதைவிட வலுவானது. திருட்டு நகல் கிட்ஹப்பிலேயே இருந்தால், டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பி நீக்கக் கோரலாம். உங்கள் மூலக் கோப்பு எது, நகல் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் அதில் தெளிவாகக் காட்டுங்கள்.