ஓரத்து ஓவியமும் நடுவிலிருக்கும் எழுத்தும்

யூதர்களின் பழைய திருமண ஒப்பந்தத்துக்குக் கெத்துபா என்று பெயர். அதன் ஓரத்தில் வரைந்திருக்கும் ஓவியங்களைப் பார்க்கும் எல்லோரும் முதலில் சொல்வது "என்ன அழகு!" என்பதுதான். அழகுதான், மறுக்கவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வெனிஸ், அன்கோனா போன்ற இத்தாலிய ஊர்களில் பதப்படுத்திய தோலில் பூவும் பறவையும் ராசிச் சக்கரமுமாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயர் ஈசாக்கு என்றால், வேதத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சி ஓரத்தில் வந்துவிடும். செலவு எல்லை மீறிப்போய், இதற்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று சில ஊர்ச் சபைகளே தடை போட்டன.

ஆனால் என் மனம் நிற்பது நடுவில் அராமியம் என்ற பழைய மொழியில் நெருக்கி எழுதிய எழுத்தில்தான். அது காதல் கடிதம் அல்ல, கிட்டத்தட்ட கடன் பத்திரம். மணவிலக்கு செய்தாலோ கணவன் இறந்துபோனாலோ மனைவிக்குச் சேர வேண்டிய தொகையைச் சாட்சிகளை வைத்து எழுதிக் கொடுப்பது. முதல் திருமணப் பெண்ணுக்கு 200 சூஸ் (பழைய வெள்ளிக் காசு), கைம்பெண்ணுக்கு 100 என்பது பழைய கணக்கு. வரதட்சணை சொல்லி வளர்ந்த நமக்கு, மாப்பிள்ளை கடன்காரனாகக் கையெழுத்துக்கு நிற்பது கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும்.

கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் கிடைத்த பத்திரங்களைப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் ஓவியமே இல்லை. ஆனால் என்னென்ன நிபந்தனைகள்! இன்னொருத்தியைக் கட்ட மாட்டேன். அவளுக்குப் பிடிக்காத அடிமைப் பெண்ணை வைத்துக்கொள்ள மாட்டேன். வெளியூர் போனால் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். கடல் கடந்து வணிகம் செய்த சமூகம் அது. திரும்பி வராத கணவர்களைப் பார்த்த யாரோ ஒரு தகப்பன்தான் இதைக் கேட்டு எழுத வைத்திருப்பான் என்று நினைக்கிறேன். வேதத்தை மட்டும் ஏற்று, ரபிகள் எனும் மதகுருக்களின் மரபை ஏற்காத யூதர்கள் காரைட் பிரிவினர். அந்தப் பிரிவுப் பெண்ணை ரபிகள் வழியில் நடக்கும் ஆண் மணந்தால், அவளுடைய பண்டிகை நாட்களை மீறச் சொல்லி வற்புறுத்த மாட்டேன் என்றும் எழுதினார்கள். இரு பிரிவும் சண்டை போட்டுக்கொண்டே சம்பந்தமும் செய்துகொண்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்த வரிகளை மொழிபெயர்க்காமல் ஓவியத்தை மட்டும் காட்டுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

அப்புறம், ஈரானின் மஷாத். 1839இல் அங்கிருந்த யூதர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு பல தலைமுறைகளாக ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பத்திரம் எழுதினார்கள். ஊருக்குக் காட்டப் பாரசீக மொழியில் இஸ்லாமிய முறைப்படி ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய கெத்துபா ஒன்று.