அண்ணனாக இன்னொருவர் நடித்தபோது

மனநோயோடு வாழ்பவர்கள் தங்கள் சொந்தக் கதையை மேடையில் சொல்வது நல்லதா என்று ஒரு கட்டுரையில் கேட்டிருந்தார்கள். என் வீட்டு அனுபவத்தில் நல்லதுதான். 'பிளேபேக் தியேட்டர்' என்ற நாடக வடிவம், 1975-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோனதன் ஃபாக்ஸும் ஜோ சாலஸும் தொடங்கியது. எழுதி வைத்த வசனம் கிடையாது. பார்வையாளர் ஒருவர் மேடைக்கு வந்து தனக்கு நடந்ததைச் சொல்வார், தன்னாக நடிக்க வேண்டியவரையும் அவரே தேர்ந்தெடுப்பார். ஒத்திகையில்லாமல் அப்போதே நடித்துக் காட்டுவார்கள். முடிந்ததும் கடைசி வார்த்தை கதை சொன்னவருடையது.

என் அண்ணனுக்கு 18 வருடமாக ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். அப்படியொரு நிகழ்ச்சியில், காதில் குரல்கள் கேட்பதைப் பற்றிச் சொன்னார். அவராக நடித்தவரின் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நின்று விடாமல் முணுமுணுத்தார்கள். அவர் அம்மாவிடம் காபி கேட்கப் பார்க்கிறார், வாக்கியம் முடியவே இல்லை. என் பக்கத்தில் இருந்த அம்மா கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கூப்பிட்டா ஏன்டா பதில் சொல்லலைன்னு எத்தனை தடவை திட்டியிருக்கேன்" என்றார். டாக்டர் பலமுறை விளக்கியும் புரியாதது அன்று புரிந்தது.

ஆனால் அடுத்த இரண்டு இரவு அண்ணன் தூங்கவில்லை. நல்லவேளை, குழுவிலிருந்து ஒருவர் தினமும் போன் செய்து பேசினார். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் யாரையும் மேடையேற்றாதீர்கள். அப்புறம், யாரும் வீடியோ எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் அண்ணன் மேடைக்கு எழுந்தே போயிருக்க மாட்டார்.