புருங்குக்கும் போரோங்குக்கும் ஒரே எழுத்து

மூத்தவன் இங்கே மலேசியாவில் ரெண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் இஸ்லாமியக் கல்விப் பயிற்சித் தாளை என் மடியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். ஜாவியில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாயில், பத்துச் சொல் கொடுத்து ரூமியில் (ஆங்கில எழுத்தில்) எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து தப்பு. அதில் ஒன்று: பா, வாவ், ரா, வாவ், கடைசியில் ஐனுக்கு மேல் மூன்று புள்ளி வைத்த ஙா. இவன் 'போரோங்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்து 'புருங்' என்று திருத்தியிருந்தது.

"ஓவுக்கும் வாவ்தானே உம்மா? ஊவுக்கும் வாவ்தானே?"

சரியாகத்தான் கேட்டான். புருங் என்றால் பறவை, போரோங் என்றால் மொத்தமாக வாங்குவது. ஜாவியில் இரண்டும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். வாப்பாவோடு பாசார் போரோங் (மொத்தச் சந்தை) போய்வருகிற பிள்ளைக்கு எது முதலில் வாயில் வரும்? பக்கத்தில் படம் இல்லை, வாக்கியம் இல்லை. தனியாக நிற்கிற அந்தச் சொல்லைப் பெரியவர்களாலும் இன்னது என்று சொல்ல முடியாது.

குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்வைத் தடங்கல் இல்லாமல் ஓதுகிறவன் இவன். "குர்ஆன் ஓதுற பிள்ளைக்கு ஜாவி என்ன கஷ்டம்?" என்று நானே கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வி உறுத்துகிறது. குர்ஆனில் அ, இ, உ ஓசையைக் காட்டும் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் இருக்கும். அர்த்தம் தெரியாவிட்டாலும் ஓதிவிடலாம். ஜாவியில் அது கிடையாது. மலாய்ச் சொல் முன்பே தெரிந்தால்தான் வாசிக்க முடியும். வீட்டில் தமிழ் பேசி, மலாயைப் பள்ளியில்தான் பிடிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

எங்கள் நன்னி (பாட்டி) பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் மஃரிப் தொழுகைக்குப் பிறகு, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபைச் சத்தமாக வாசிப்பார்கள். அதில் எ, ஒ ஓசைக்குக்கூடத் தனிக் குறி உண்டு. அரபியில் இல்லாத ழ, ட ஓசைகளுக்கும் நம் ஆலிம்கள் எழுத்து உண்டாக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், நன்னிக்குத் தமிழ் தெரியும்.

ஜாவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1876-ல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற மலாய்ப் பத்திரிகையை ஜாவி எழுத்தில் தொடங்கியதே, தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர்களும் சேர்ந்த சமூகம்தான். அது நம் சொத்தும்கூட. 2019-ல் தமிழ், சீனப் பள்ளிகளின் நாலாம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் 'காட்' என்ற ஜாவி அழகெழுத்துக் கலை வரலாமா என்று நாடே சண்டை போட்டது. காலங்காலமாக ஜாவி படிக்கிற இஸ்லாமியக் கல்வி வகுப்பைப் பற்றி எவ்வளவு பேசினோம்? பிள்ளைகள் திணறுவது புதிதில்லை. 2005-ல் வந்த, ஜாவி, குர்ஆன், அரபி, ஃபர்ளு ஐன் சொல்லித் தரும் ஜெ-காஃப் திட்டத்தில் ஜாவிக்கென்றே குறைநீக்கல் வகுப்பு வைத்தார்கள்.

உஸ்தாசாக்களிடம் (மார்க்க ஆசிரியைகளிடம்) கேட்கிறேன்: முதல் இரண்டு வருடமாவது தனிச் சொல் பட்டியலும் இமலாவும் (சொல்வதெழுதுதலும்) வேண்டாமே. பிள்ளைக்குத் தெரிந்த மலாயில் சின்ன வாக்கியம் கொடுங்கள். இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய சொல் என்றால் இரண்டுக்கும் மார்க் போடுங்கள்.

நேற்று ராத்திரி அதே சொல்லை வைத்து, மரத்தின் மேல் இருக்கிறது என்று ஜாவியில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து மெல்ல வாசித்தான். "மரத்து மேல இருந்தா புருங்தான் உம்மா" என்றான்.