திரையும் விளக்கும் நமக்குப் புதிதல்ல

தம்பி, "மேடை, திரை, விளக்கு எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது, அதற்கு முன்னால் தமிழனிடம் தெருக்கூத்து மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுத்தான் திருவிழா நாடகத்துக்கு மேடை போடப் போகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

வரைந்த திரைச்சீலைகளோடு சட்டகம் போட்ட மேடை 19-ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்கள் வழியாக நம்மிடம் பரவியது, உண்மை. நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஆடல் அரங்கேறும் பகுதியான அரங்கேற்று காதையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கோல் என்ற அக்கால அளவில், அரங்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரை. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறது. நம் கோயில் மண்டபத்தில் தூண் நிழல் நடிகர் முகத்தில் விழுந்து எத்தனை காட்சி கெட்டிருக்கிறது! அங்கே ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை என்ற தோல்கருவி வாசிக்கும் தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று வேலையும் பிரிந்தே இருக்கிறது.

ஆனால் சிலப்பதிகாரம் சொல்வது மாதவியின் ஆடல் அரங்கு, வசன நாடகம் அல்ல. அதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்புறம், மேடை நிர்வாகி திரை இழுப்பவர் மட்டும் இல்லை. யார் எப்போது நுழைவது, விளக்கு எப்போது மாறுவது, எல்லாவற்றுக்கும் குறிப்புக் கொடுப்பவர் அவர்தான்.