மரத்தடியில் நின்ற ஆள்

என் மச்சான் சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறார். ரெண்டு வாரம் முன்னாடி ஒரு படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்டிலேயே போனில் பார்த்து முடித்துவிட்டு விடியக்காலை கூப்பிட்டார். "மாப்ள, காசைக் கரியாக்கிடாதீங்க, கிளைமாக்ஸ்ல ஒன்னுமே இல்லீங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் தியேட்டரில் பார்த்தேன். கடைசிக் காட்சி ராத்திரியில் நடக்கிறது, புளியமரத்தடியில் ஒரு ஆள் வாயே திறக்காமல் நிற்கிறான், மொத்தக் கதையும் அவன் அங்கே நிற்பதில்தான் இருக்கிறது. மச்சானிடம் கேட்டால், "மரமா? எந்த மரமுங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது 'தியேட்டர் பிரிண்ட்', அதாவது யாரோ தியேட்டரில் உட்கார்ந்து திருட்டுத்தனமாக போனில் எடுத்த வீடியோ. அதில் அந்த மரமே இல்லை. அனுப்பச் சொல்லி நானும் போட்டுப் பார்த்தேன். இருட்டுத் திரையைச் செல்போன் கேமராவில் பிடித்தால் வெளிச்சம் இருக்கிற இடம் வெளுத்துப்போகும், நிழலாக இருக்கிற இடமெல்லாம் ஒரே கரியாகிவிடும். அதை டெலிகிராமில் ஏற்ற 400 எம்பிக்கு அமுக்கினால் மிச்சமும் கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. படம் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம், போன் எடுப்பது பெரும்பாலும் 30, அதனால் கேமரா மெதுவாக நகரும் காட்சியெல்லாம் தடுக்கித் தடுக்கிப் போகிறது. ஓரத்து சீட்டில் உட்கார்ந்து எடுத்திருப்பான் போல, திரை ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு. நடுவில் ஒரு புண்ணியவான் எழுந்து போகிறார், ஹீரோயின் முகத்தின் மேல் அவர் தலை. வசனத்தைப் பாதி விசில் தின்றுவிடுகிறது, மீதியை மச்சானுக்குத் தறிச் சத்தம் தின்றிருக்கும். இதைப் பார்த்துவிட்டு "படம் மொக்கை" என்று நாலு குரூப்பில் தீர்ப்பு எழுதுகிறோம் பாருங்கள், எனக்கு எரிச்சலே அங்கேதான். பிடிக்காமல் போகலாம் சாமி, ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இது எங்கேயோ வெளிநாட்டில் நடக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 செப்டம்பரில் வந்த ஒரு மலையாளப் படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்தது நம் கோயம்புத்தூர் தியேட்டர் ஒன்றில். கொச்சி சைபர் போலீஸ் பெங்களூரில் ரெண்டு பேரைப் பிடித்தது. சாய்வு சீட்டு இருக்கிற தியேட்டராகப் பார்த்து, போர்வைக்குள் கேமராவை ஒளித்துவைத்து எடுப்பார்களாம். (ஏசி குளிருக்குப் போர்வை போர்த்தியவரை இனி எப்படிப் பார்ப்பது!) திரையில் ஓடும் படத்துக்குள்ளேயே எந்தத் தியேட்டர், எந்த நேரம் என்று நம் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்று இருக்கிறது. எடுத்தவன் தப்பிப் போனாலும் முதலில் விசாரணைக்கு நிற்பது தியேட்டர்காரர்தான்.

சரி, அவர்கள் கதை அவர்களோடு. நம் போனுக்கு வருகிறேன். பல்லடத்தில் பதினோரு வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு தறிக்காரத் தம்பி போனைக் கொண்டுவந்து, "மெசேஜே வர்றதில்லீங்ண்ணா" என்றார். பார்த்தால், திருட்டுப் படம் பார்க்கப் போன வெப்சைட்டில் 'பிளேயரை அப்டேட் செய்யவும்' என்று வந்திருக்கிறது, இவர் ஒரு ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமல் நேராகப் போனில் ஏற்றுகிற ஆப்) இறக்கி, கேட்டதுக்கெல்லாம் 'அலவ்' அமுக்கியிருக்கிறார். வருகிற மெசேஜையெல்லாம் அந்த ஆப் படித்துக்கொண்டு, ஓடிபியையும் ஒளித்துவைத்துவிட்டது. ஒரு வாரச் சம்பளம் அக்கவுண்டில் இல்லை. கடையிலிருந்தே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம், போனைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை. படம் பார்த்தால் மட்டும் இப்படி ஆகாது, அந்த இடத்தில் கண்டதை இறக்குவதுதான் வினை. ஆனால் அங்கே எந்தப் பட்டனை அமுக்கினாலும் நாலு ஜன்னல் திறக்கும், எது உண்மையான பிளே பட்டன் என்று எனக்கே தெரிவதில்லை.

இன்னொன்று, அந்தப் பிரிண்டின் மேலேயே சூதாட்ட ஆப் விளம்பரம் ஓடுகிறது. படத்தோடு சேர்த்துப் பதித்திருக்கிறார்கள், எடுக்க முடியாது. எட்டாவது படிக்கிற பையன் மூன்று மணி நேரத்துக்கு அதையும் சேர்த்துத்தான் பார்க்கிறான்.

2023-ல் திருத்தின சட்டப்படி தியேட்டரில் எடுப்பவனுக்கு 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, குறைந்தது 3 லட்ச ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களை 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தாகிவிட்டது. அப்படியும் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் கேட்க நாம் இருக்கிறோம்.

டிக்கெட் விலை எனக்கும் கடுப்புதான். நாலு பேர் போனால் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஒரு நாள் கூலிக்கு மேல் போய்விடுகிறது. அதைத் தியேட்டர்காரரிடம் சண்டை போட்டே கேட்கலாம். முடியாதவர்கள் ஒரு மாதம் பொறுத்தால் பெரும்பாலான படம் ஓடிடியில் வந்துவிடுகிறது, மரம் மட்டை எல்லாம் தெரிகிற மாதிரி.

மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆள் நின்னான்னு நீங்கதான் சொல்றீங்க மாப்ள, நான் பாக்கல" என்கிறார். ஓடிடியில் வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.